போர் நம் பள்ளத்தாக்கிற்கு வரவில்லையா?

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் பள்ளத்தாக்கின் ஏனைய பங்குகளிலும் அன்று கல்லறைகள் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொள்கின்றன. செவ்வந்தியும் மெழுகுதிரியும் சாம்பிராணிப் புகையுமாக இருட்டும் வரை மக்கள் அங்கேயே நிற்கின்றனர். அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்று திருச்சபை இசைவு தந்துள்ளது. ஏன் மூன்று என்று நாம் சிலரிடம் கேட்டுப் பார்த்தோம். மூவொரு இறைவனின் பெயரால் என்றார் ஒருவர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மூன்று உண்டல்லவா, அதைப் போலத்தான் என்றார் மற்றொருவர். பெரும்பாலோர் சிரித்து மழுப்பினர்.

உண்மை வேறு. 1914 செப்டம்பரில், ஐரோப்பா தீப்பற்றி எரியத் தொடங்கிய மறு மாதம், திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் பொறுப்பேற்றார். அவர் பணிக்காலத்தின் பெரும் பகுதியைப் பிணங்களே நிறைத்தன. பெயர் தெரியாத பிணங்கள், புதைப்பாரற்ற பிணங்கள், வேண்டிக்கொள்ள உறவினர் அருகில் இல்லாத பிணங்கள். 1915 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் ஒரு ஆணை பிறப்பித்தார். அதுகாறும் 1748 முதல் ஸ்பெயின், போர்த்துக்கல் நாட்டாருக்கு மட்டும் இருந்து வந்த மூன்று திருப்பலிச் சலுகை உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று. போரில் மாண்டோரின் எண்ணிக்கை அவர் நெஞ்சை அழுத்தியதே அதற்கு உடனடிக் காரணம். அதே திருத்தந்தைதான் 1917 ஆகஸ்டில் போரிடும் நாடுகளுக்கு மடல் எழுதி, இது பயனற்ற உயிர்ப்பலி என்று கண்டித்து, இரு தரப்பாரின் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஆகவே, நம் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் ஒலிக்கும் அந்த இரண்டாம் பூசை மணியும் மூன்றாம் பூசை மணியும் முதல் உலகப் போர் நம்மிடம் விட்டுச்சென்ற மணிகள். அவற்றைக் கேட்டபடியே, போர் என்பது எங்கோ வடக்கே, கடலுக்கு அப்பால் நடந்தது, நம் பள்ளத்தாக்கிற்கு அது வரவே இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளிப் பாடநூல் அப்படிச் சொல்கிறது. மேடைப் பேச்சாளர் அப்படிச் சொல்கிறார். நம் மறையுரைகளும் அப்படியே சொல்கின்றன. இந்தக் கூற்றைத்தான் நாம் இங்கே மறுக்க விரும்புகிறோம். இது வெறும் வரலாற்றுப் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். இறந்தோருக்கு நாம் செய்யும் அநீதியாகவும் இது இருப்பதால் விடுவதற்கில்லை.

முதலில் சொற்களைப் பாருங்கள். நினைவு தவறவிட்டதை நாக்கு பிடித்து வைத்திருக்கிறது. காரியத்தில் கெட்டிக்காரனான ஒருவனை “அவன் பெரிய எம்டன்” என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த செருமானியப் போர்க்கப்பலின் பெயர் அது. கண்ட்ரோல் விலை, ரேஷன், பிளாக் மார்க்கெட் என்ற சொற்கள் இரண்டாம் போர்க்காலத்தில் சந்தைக்கு வந்து நம் அடுக்களையில் குடியேறியவை. போர் வராத ஊரில் இச்சொற்களுக்கு என்ன வேலை?

இனி இரும்பைப் பற்றிச் சொல்வோம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு 1928இல் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. ஏலமும் காப்பியும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கிப் போடியில் ரயிலேறின. தேனி சந்தை அந்தப் பாதையால் வளர்ந்த சந்தை. இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர்முனைகளுக்குத் தண்டவாளம் தேவைப்பட்டது. புதிதாக வார்க்க நேரமில்லை. இருப்பதைப் பெயர்த்தெடுப்பது எளிது. இந்தியாவில் பல கிளைப்பாதைகளுக்கு அக்கதி நேர்ந்தது. கேரளத்தில் சொரனூர் - நிலம்பூர் பாதை பெயர்க்கப்பட்டது. இங்கே நம் போடிப் பாதை பெயர்க்கப்பட்டது. போட்டுப் பதினைந்து ஆண்டுகூட நிறைவுறாத பாதை!

குண்டு விழுந்து ஒரு பாலம் இடிந்திருந்தால் அதைப் போரின் அழிவு என்று எழுதியிருப்போம். அரசாங்கமே ஆள்வைத்து, கூலி கொடுத்து, ஒரு பள்ளத்தாக்கின் முதுகெலும்பை உருவிச் சென்றால் அதற்கு நாம் ஒரு பெயரும் வைக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டு காலம் இப்பகுதிக்கு ரயில் இல்லை. பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டதால், பின்புறம் அடுப்பைச் சுமந்துகொண்டு கரியெரித்து ஓடிய பேருந்துகளே கதி. மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்த கதைகளை அந்தத் தலைமுறையினர் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்கு அடியில் இருந்ததை நாம் கேட்டறியவில்லை. பேறுகாலத்தில் மதுரைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பெண் என்ன ஆனாள்? பருத்தியை விற்று வட்டி கட்ட வேண்டிய சம்சாரி என்ன ஆனார்? நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950களில்தான் பாதை மீண்டும் போடப்பட்டது.

பின்னர் அகலப்பாதையாக்க 2010ஆம் ஆண்டின் இறுதியில் அது மீண்டும் மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் வந்து சேர்ந்த போது, மேளமென்ன, மாலையென்ன, இனிப்பென்ன! பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பைப் பேசாத வாயில்லை. அதற்கு எண்பது ஆண்டு முன்னர் இதே பாதை போருக்காகப் பிடுங்கப்பட்டதை, நாம் கேட்ட பேச்சுகளில் ஒன்றும் தொடவில்லை. ரயில் வந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது நம் நோக்கமன்று. கிடைத்ததைக் கொண்டாடுகிறவர்கள் பறிபோனதையும் அறிந்து கொண்டாடலாமே என்பதுதான்.

இரும்பை விட்டுச் சோற்றுக்கு வருவோம். 1942 மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. அதே வாரத்தில் சாவகத் தீவில் டச்சுக்காரர் சரணடைந்தனர். இரண்டும் நமக்கு வெகு தொலைவு. ஆயினும் அந்த ஒரு வாரத்தில் நம் பள்ளத்தாக்கு இரண்டு பொருள்களை இழந்தது. இரங்கூனோடு பர்மா அரிசி போயிற்று. சாவகத்தோடு கொயினா போயிற்று. உலகில் விற்பனையாகிய கொயினாவில் பெரும்பங்கு சாவகத்துச் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்ததாகும்.

பர்மா அரிசி நின்றதில் மிகக் கொடிய அடி திருவிதாங்கூருக்கு. தேங்காயும் மிளகும் தேயிலையும் விளைவித்து, உண்ணும் அரிசியின் பெரும்பகுதியைக் கடல்வழி இறக்கிக்கொண்டிருந்த நாடு அது. சேர்த்தலைப் பகுதியில் கயிறு திரிக்கும் ஏழைகள் பட்டினியால் மாண்டனர். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை உலகம் அறியும். சேர்த்தலையை அண்டை மாநிலத்தாராகிய நாமே அறியோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பக்கத்தில் நாம் இருந்தோம். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பியதன் பயனாக இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நம்முடையது. மலைக்கு அப்பால் பசி, இப்பால் நெல். இடையே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழிகள்.

அரசு என்ன செய்தது? தானியம் இடம்விட்டு இடம் போக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றது. விலையை நிர்ணயித்தது. கொள்முதல் என்று களத்துக்கு அதிகாரியை அனுப்பியது. இம்முறையால் நகரத்தாருக்கும் படையினருக்கும் ஓரளவு சோறு உறுதியாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் களத்தில் நின்ற சம்சாரி தன் நெல்லுக்குத் தானே விலை சொல்ல முடியாதவரானார். மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்த தன் உடன்பிறந்தானுக்கு இரண்டு படி அரிசி கொண்டுபோனவள் கடத்தல்காரி ஆனாள். இரவில் தலைச்சுமையாக மலைப்பாதையில் அரிசி ஏறிய கதைகளைப் பள்ளத்தாக்கின் முதியோர் வாய்மொழியாக நாம் கேட்டிருக்கிறோம். அவர்களில் பேராசைக்காரரும் இருந்தனர். பதுக்கிப் பணம் பண்ணி மாடி வீடு கட்டியவர்களும் இருந்தனர். அவர்களைப் பொதுவாகப் புனிதர் ஆக்க நாம் முனையவில்லை. சட்டம் பதுக்கியவனுக்கும் பசித்தவனுக்கும் ஒரே பெயர் வைத்தது என்பதே நம் வழக்கு.

திருவிதாங்கூர் அரசோ 1940களில் உணவுப் பயிருக்காகக் காடுகளைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. மீனச்சல், சங்ஙனாச்சேரிப் பகுதிகளின் சீரோ மலபார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கோடரியோடு மலையேறின. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மக்கள் வாழ்வும், 2003இல் உருவான இடுக்கி மறைமாவட்டமும் பெருமளவு அந்தப் பசியின் பிள்ளைகள். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கும் நாம் தண்ணீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் இன்று எவ்வளவு பேசுகிறோம்! அந்த மலையில் காடு ஏன் வெட்டப்பட்டது என்று தேடிப்போனால் இரங்கூனில் போய் நிற்போம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கொயினாவைப் பற்றிக் கொஞ்சம். மலைக்காய்ச்சல் இவ்வட்டாரத்துக்குப் பழைய விருந்தாளி. மலையடிவாரத்திலும் தோட்டங்களிலும் குளிர்காய்ச்சல் வந்து படுப்பதும் கொயினா விழுங்கி எழுவதும் அன்றாடக் காட்சி. சாவகம் வீழ்ந்ததும் இருந்த கொயினாவில் முதல் உரிமை படைக்கு என்றாயிற்று. பர்மா எல்லையில் போரிட்ட படையைத் துப்பாக்கியைவிடக் கொசுவே அதிகம் வீழ்த்தியதால், படைத்தலைமையின் கணக்கு அதன் அளவில் சரி. மருந்தின்றி மலைக் குடிசையில் உதறிக்கொண்டு கிடந்த கூலிப்பெண் எந்தக் கணக்கில் வருவாள்? அவள் காய்ச்சலில் செத்தாள் என்று எழுதுவார்கள். கொயினா இருந்தால் பிழைத்திருப்பாள் என்பதை யாரும் எழுதமாட்டார்கள். அவளும் போரில்தான் மாண்டாள் என்று நாம் சொல்கிறோம்.

கடலுக்கு அப்பால் போனவர்களின் கதை இதைவிடக் கொடிது. அன்றைய மதுரை மாவட்டம் நம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கியது. அங்கிருந்தும் இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் பிடித்து அனுப்பிய ஆள்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை நிறைத்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சப்பானியப் படைக்குச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில்பாதை வேண்டியிருந்தது. நீளம் 415 கிலோமீட்டர். கற்பாறையும் காடும் ஆறும். 1942 இடையில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டனர். நல்ல கூலி, சில மாத வேலை என்று நம்ப வைத்தும், நம்பாதவர்களைச் சுற்றிவளைத்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வண்டி வண்டியாக ஏற்றினர்.

ஒரு செய்தியைப் படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டோம். அந்தச் சாவுப் பாதைக்குத் தேவையான தண்டவாளங்களில் ஒரு பகுதியை சப்பானியர் எங்கிருந்து கொண்டுவந்தனர்? மலாயாவின் கிழக்குக் கரை ரயில்பாதையைப் பெயர்த்துக் கொண்டுவந்தனர். இங்கே ஒரு பேரரசு தமிழனின் ஊருக்கு வந்த தண்டவாளத்தைப் போருக்காகப் பெயர்த்தது. அங்கே மற்றொரு பேரரசு பெயர்த்த தண்டவாளத்தைத் தமிழனின் தோளில் ஏற்றியது. அண்ணன் ஊரில் பாதை பிடுங்கப்பட, தம்பி சயாமில் பாதை போட்டு மாண்ட குடும்பங்கள் இருந்திருக்கக்கூடும். நாம் தேடியதில்லை, ஆகவே நமக்குத் தெரியாது.

அந்தப் பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர்கள் 12,000க்கு மேல். காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. பெரும்பாலானவற்றில் பெயரும் படையும் வயதும் உண்டு. அது நியாயமே, அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். ஆசியத் தொழிலாளரின் கணக்கென்ன? மாண்டோர் 70,000 என்பாரும் உளர், 90,000 என்பாரும் உளர், அதற்கு மேல் சொல்வாரும் உளர். இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையே 20,000 மனிதர்! ஒரு பெரிய ஊரின் மக்கள்தொகையைக் கூட்டலாம், கழிக்கலாம். யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. காலராவில் செத்தவர்களை மொத்தமாகக் குழியிலிட்டனர், எரித்தனர், உயிர் பிரியாதவரையும் சேர்த்து எரித்ததாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். தமிழருக்கென அங்கே ஒரு நடுகல் எழுந்தது அண்மை ஆண்டுகளில்தான். அதிலும் பெயர்கள் இல்லை. பெயர்களைத் தர யார் இருக்கிறார்கள்?

சீருடை அணிந்தவர்கள் இதைவிட நன்றாக நினைக்கப்பட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1914 நவம்பர் 2. அதே கல்லறைத் திருநாள். கிழக்கு ஆப்பிரிக்காவில் செருமானியர் வசமிருந்த தங்கா துறைமுகத்தின் முன் இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் நின்றன. சென்னை மாகாணத்து 61ஆம் பயனியர் படையும் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் அக்கப்பல்களில் வந்தவை. வாரக்கணக்கில் அலையில் உழன்று, வாந்தியெடுத்துக் களைத்து, எதிரியின் பலம் என்னவென்று அறியாத தலைமையின்கீழ் கரையிறக்கப்பட்டனர். பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் போதாவென்று காட்டுத் தேனீக்களும் கொட்டின. படை சிதறியது. பழியை யார் தலையில் வைத்தார்கள்? தென்னாட்டான் போர்க்குணம் இல்லாதவன் என்றார்கள். திட்டமிட்ட தளபதியின் குணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. போர்க்குணமுள்ள இனம், இல்லாத இனம் என்று மனிதரைப் பகுத்த அக்காலக் கொள்கையில், தமிழனுக்கு மண்வெட்டியும் பாலம் கட்டுதலும் பாதை போடுதலுமே பெரும்பாலும் வாய்த்தன. மெசபொத்தாமியாவில் காய்கறி இன்றி ஈறு அழுகி வீழ்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானோர்.

அன்றைய சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அதில் ஒரு பகுதி ஊருக்கு மணியார்டராக வரும். கடிதம் எழுத அவனுக்குத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவன் எழுதினான். அதைத் தணிக்கை அதிகாரி படித்தார். ஊருக்கு வந்ததும் தபால்காரரோ வாத்தியாரோ உபதேசியாரோ படித்துச் சொன்னார். மனைவிக்கு ஒரு கணவன் சொல்ல விரும்பியது, இத்தனை பேர் காதில் விழுந்து, எல்லாரும் கேட்கத் தக்கதாகச் சுருங்கி வந்து சேர்ந்தது. நலம், நலமறிய அவா. போரின் மிகப்பெரும் மௌனம் இந்தக் கடிதங்களில் இருக்கிறது என்று நாம் எண்ணுவதுண்டு. அவற்றிலும் எவ்வளவு பரணில் கிடந்து செல்லரித்துப் போயிருக்கும்!

மாண்டவனுக்கு என்ன கிடைத்தது? போர் முடிந்ததும் சில ஊர்களில் பேரரசு கல் பதித்தது. இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிரீந்தவர் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் கல். எண் உண்டு, பெயர் இல்லை. ஈராக்கின் பாசுரா நினைவுச்சின்னம் 40,000க்கு மேற்பட்டோருக்காக எழுந்தது. அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு இதற்கு வருந்தியது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவராகிய குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்றும், அத்தொகை மூன்றரை இலட்சம் வரை போகலாம் என்றும் அது ஒப்புக்கொண்டது. நூறாண்டு கழித்தாவது பேரரசின் வாரிசுகள் வெட்கப்பட்டனர். நாம் எப்போது வெட்கப்படுவோம்?

சாமுவேல் இரண்டாம் நூலின் கடைசி அதிகாரத்தை இந்த நேரத்தில் படிக்கத் தகும். தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுக்க விரும்புகிறார். யோவாபு வேண்டாமென்கிறார், அரசர் கேட்கவில்லை. ஒன்பது மாதத்துக்கு மேல் நாடெங்கும் சுற்றிக் கொண்டுவந்த கணக்கில் யார் இருந்தனர்? வாளேந்தும் ஆடவர் மட்டும். பெண்ணும் பிள்ளையும் கிழவரும் அதில் இல்லை. அடுத்து வந்த கொள்ளைநோயில் செத்தவர்களோ தாண் முதல் பெயேர்செபா வரை மக்கள், 70,000 பேர். தவறு செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று அரசர் கதறும் இடத்தை நாம் எத்தனை முறை வாசித்தும் கடந்து போயிருக்கிறோம்! எண்ணப்பட்டவர் ஒரு கூட்டம், செத்தவர் ஒரு கூட்டம். 1918இல் போர்க்கப்பல்களோடும் படைவீரரோடும் பம்பாயில் இறங்கிய நச்சுக்காய்ச்சல் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியப் படையினர் 74,000 பேர் என்று நூல்கள் எழுதுகின்றன. அந்தக் கோடியை அதே பக்கத்தில் எழுதுவாரில்லை. வாளேந்தியோர் கணக்கைத்தான் நாம் இன்னும் வரலாறு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது எழுந்த மறுப்புகளையும் மறைக்க விரும்பவில்லை. வெள்ளையனுக்குக் கூலிக்குப் போனவனை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்றார் ஒரு தமிழாசிரியர், நாட்டுப்பற்று மிக்கவர். 1939 செப்டம்பரில் இந்தியரை ஒரு சொல் கேளாமல் அரசப்பிரதிநிதி இந்நாட்டைப் போரில் இழுத்துவிட்டார்; அதைக் கண்டித்து இராசாசியின் அமைச்சரவையே விலகியது; அத்தகைய போரில் சேர்ந்தவன் யாருடைய வீரன் என்பது அவர் வினா. வினா வலியதே. ஆயினும் 11 ரூபாய்க்குப் போனவனைக் குறைசொல்லுமுன், அவன் வீட்டு உலைப்பானையைப் பார்க்க வேண்டும் என்போம். அவன் யாருடைய வீரன் என்று நமக்குத் தெரியாது. யாருடைய மகன் என்று தெரியும். மேலும் சயாமில் செத்தவன் எந்தப் பேரரசுக்கும் வாளேந்தவில்லையே. அவனை எந்தக் குற்றத்துக்காக மறந்தோம்?

இன்னொரு மறுப்பு ஒரு குருவானவரிடமிருந்து வந்தது. கல்லறைத் திருநாளில் இறந்த விசுவாசிகள் அனைவருக்குமாகத்தானே வேண்டுகிறோம், அதில் இவர்களும் அடக்கந்தானே என்றார். அடக்கந்தான், இறைவன் ஒருவரையும் தவறவிடுவதில்லை என்பது நம் விசுவாசம். ஆனால் திருச்சபை நம்மைத் திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைக்கிறது, திருமணத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறது, அடக்கத்தில் பெயர் சொல்லி ஒப்படைக்கிறது. “அனைவரும்” என்ற சொல் நம் சோம்பலுக்குப் போர்வையாகிவிடக் கூடாது. தன் தந்தையின் ஆண்டுத் திருப்பலிக்குப் பெயர் வாசிக்க மறந்துவிட்டால் கோயில் வாசலிலேயே சண்டைக்கு வரும் நம் மக்கள், தந்தையின் சிற்றப்பன் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். மலாயா போனவராம், வரலையாம்; அதோடு பேச்சு முடிந்தது.

ஆகவே நாம் கேட்பது சிலையன்று, மணிமண்டபமன்று. அரசாங்கத்துக்கு மனுவும் இப்போது வேண்டாம். நம் பழைய பங்குகளில் பதிவேடுகள் உள்ளன. இறப்புப் பதிவேட்டில் பொதுவாக இங்கே அடக்கம் செய்யப்பட்டோரே இருப்பர். கடல் கடந்து மாண்டவர் அதில் வரார். திருமுழுக்குப் பதிவேட்டில் எல்லாரும் இருப்பர். ஒருவருக்குத் திருமணமானால் அச்செய்தியைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் வழக்கம் 1908 முதல் சட்டமானது. எனவே 1885 முதல் 1925 வரை பிறந்த ஆண்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் திருமணக் குறிப்பும் இல்லாமல் இறப்புப் பதிவேட்டிலும் வராமல் நிற்பவர்களைத் தனியே எழுதுங்கள். அவர்கள் எல்லாரும் போரில் போனவர்கள் ஆகமாட்டார்கள். சிலர் குழந்தையிலேயே இறந்து பதிவு விட்டுப்போயிருக்கலாம். சிலர் கூடலூரிலோ மூணாற்றிலோ குடியேறி அங்கே பேரன் பேத்தி கண்டிருக்கலாம். அதனால்தான் பட்டியலைக் கோயிலில் வாசித்து, வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். மரியாயின் சேனையாரும் இளைஞர் இயக்கத்தாரும் ஒரு தவக்காலத்துக்குள் முடித்துவிடக்கூடிய பணி. பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்கள் போன இடத்தைச் சொல்வார்கள். காத்திருந்தவள் யாரென்று பெண்களுக்கே தெரியும்.

பட்டாளத்துக்குப் போனவர், மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போனவர், மலைத்தோட்டத்தில் 1942க்கும் 1945க்கும் இடையில் காய்ச்சலில் போனவர் என்று யார் பெயர் கிடைத்தாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் சமயத்தவர் அல்லாதார் பெயரையும் எழுதுங்கள். பசி திருமுழுக்குப் பார்த்துப் பிடிக்கவில்லை. பெயர் மறந்துபோயிருந்தால் உறவைக் குறியுங்கள்: இன்ன பாட்டியின் மூத்தவர், இன்ன தெருவில் தச்சு வேலை செய்தவரின் தம்பி, ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர் என்று. ஊரும் தெருவுமாவது இருக்கட்டும். நோட்டை நவம்பர் 2ஆம் நாள் காலையில் பீடத்தருகே வைத்து, முதல் திருப்பலி முடிந்ததும், இரண்டாவது மணி அடிக்கும் முன், ஒவ்வொரு பெயராக மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.